செவுத்து மாமா

உங்களை எப்படி அழைத்து ஆரம்பிப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். 'அன்புத் தம்பிகளே, தங்கைகளே' என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். உறவுச் சொல்லைச் சும்மா எடுத்து வீசினால் என்ன ஆகும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுகு நனைய நனையக் கற்றுக்கொண்டவன் நான். அதனால், வால்பேப்பர் ஒட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களே என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். என் பெயர் காதர். கள்ளக்குறிச்சியில் காதர் பாய் என்று கேட்டால் கடையைக் காட்டுவார்கள். முட்டி தேய்ந்து, ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏற முடியாமல் போனதால் தொழிலை விட்டவன்.

பசையை எவ்வளவு நேரம் ஊறவிடுவது, ஓரத்தை எப்படி வெட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது டப்பா மேலேயே எழுதியிருக்கிறது. படிக்கச் சோம்பலாக இருந்தால் கைப்பேசியில் வீடியோ இருக்கிறது. டப்பாவில் எழுத விட்டுப்போன ஒரு விஷயம் உண்டு. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

நான் தொழில் கற்றது சென்னையில் ஒரு மேஸ்திரியிடம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சுவரில் கன்னத்தை வைப்பார். கை ஆயிரம் சாமானைத் தொட்டு மரத்துப் போயிருக்கும், அதற்கு ஈரம் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும் என்பார். கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, சுவரோடு சுவராக நிற்பார். ஒரு வீட்டில் அந்த அம்மா இதைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் நம் வீட்டுச் சுவருக்கு முத்தம் கொடுக்கிறான் என்று கணவரை ஆபீஸிலிருந்து வரவழைத்துவிட்டார். அப்படியும் மேஸ்திரி பழக்கத்தை விடவில்லை. ஓதம் இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவரிடம் கன்னம் வைக்கும் வித்தையைக் கற்றேன். கூடவே நானாக ஒரு வித்தையைச் சேர்த்துக்கொண்டேன். வாடிக்கையாளர் பெண்ணாக இருந்து கொஞ்சம் தயங்கினால், "தங்கச்சி, கவலைய வுடு. அண்ணன் நான் பாத்துக்கறேன்" என்பேன். ஆணாக இருந்தால் மாப்ளே. வயதானவர் என்றால் அத்தை, மாமா. என் கடையில் பாதி வியாபாரம் இந்த வாயால்தான் நடந்தது. அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வெள்ளிமலையிலிருந்து சேகர் என்ற ஜீப் டிரைவர் கடைக்கு வந்தான். முப்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், அதற்குள் ஹாலில் ஒரு சுவரை மட்டும் 'டக்கரா' ஆக்கித் தரவேண்டும் என்றான். கூடவே அவன் அம்மா அஞ்சலையும் வந்திருந்தார். கீழே சமவெளியிலிருந்து கணவரோடு மலைக்குப் போய், பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டவர். கணவர் காலமாகிவிட்டார். கடையும் மகனும்தான் மிச்சம்.

ஏற்கெனவே இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். முதல் இடத்துக்காரர்கள் டீ குடிக்கும்வரை நன்றாகத்தான் பேசினார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள், பதிலே வரவில்லை. இரண்டாவது இடத்துக்காரர்கள் சுவரில் பூரான் போவதைப் பார்த்துவிட்டு டீயைக்கூடக் குடிக்கவில்லை. மலைக்குப் பெண் கொடுக்கவே ஆயிரம் யோசிக்கிறார்கள், இதில் சுவர் வேறு சதி செய்கிறது என்பது அஞ்சலையம்மாவின் வருத்தம்.

புதிதாகப் படம் அச்சடித்து வாங்க நேரமில்லை. கடையில் இரண்டு படம் தயாராகக் கிடந்தன. ஒன்று, ஓடுகிற ஏழு குதிரை. இன்னொன்று, பாறை மேலிருந்து கொட்டுகிற பெரிய அருவி. அஞ்சலையம்மா குதிரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"குதிரைங்க வாசப்படி பக்கம் ஓடுற மாரி இருக்குதே. பொண்ணு வூட்டுக்காரங்க வர அன்னிக்கி வூட்ட வுட்டு ஓடுனா நல்லாவா இருக்கும்? அருவியே இருக்கட்டும்."

இப்படியாக, மழையும் மூடுபனியும் நிரந்தரமாகக் குடியிருக்கும் மலையில், ஈரச் சுவர் ஒன்றில் ஒட்டுவதற்கு நாங்கள் மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது தண்ணீர் கொட்டுகிற படம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வளைவு வளைவாகச் சுற்றி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தேன். ஹாலுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் சுவரில் கன்னத்தை வைத்தேன். சில்லென்று இருந்தது. ஆனால் அங்கே எதுதான் சில்லென்று இல்லை? உட்காரக் கொடுத்த நாற்காலி சில்லென்று இருந்தது. தண்ணீர் கொடுத்த டம்ளர் சில்லென்று இருந்தது. சந்தேகத்துக்கு எதிர்ச்சுவரிலும் கன்னம் வைத்தேன், அதுவும் சில்லென்றுதான் இருந்தது. மலை என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மேஸ்திரியின் வித்தை சென்னை வெயிலுக்குப் பிறந்தது. அது மலைக்கு வந்ததும் குழம்பிவிட்டது என்பது உறைக்கவில்லை.

உறைக்கவில்லை என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. சுவரைத் தடவியபோது உள்ளங்கையில் வெள்ளையாக உப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சுவருக்குள் தண்ணீர் நடமாட்டம் இருந்தால் மட்டும் பூக்கிற உப்பு. அதைப் பார்த்தேன். பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

என் மேஸ்திரியாக இருந்தால் அந்த நிமிடமே கிளம்பியிருப்பார். நானும் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அஞ்சலையம்மா சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வரப்போகிறவர்களுக்கு ரவையும் முந்திரியும் வாங்கி வைத்திருந்தார்.

"அண்ணே, ஒட்டுமா?" என்றார்.

"தங்கச்சி, கவலைய வுடு. அண்ணன் நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேன். கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் வாய்ப்பழக்கம். 'எனக்குத் தெரியாத சுவரா' என்ற திமிர் மட்டும் நிறைய.

மாலைக்குள் படத்தின் நான்கு காகிதப் பட்டைகளையும் ஒட்டி முடித்தேன். அருமையாக வந்திருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கம்பக்கத்தினர் வந்து பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா அருவியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி சில்லுனு இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பாட்டியம்மா எனக்கு ஒரு பெரிய தகவலைத் தந்துவிட்டுப் போனார் என்பது அப்போது தெரியவில்லை.

கீழே போகும் பஸ் போய்விட்டது. சேகரின் நண்பன் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று இருந்தேன். விடியலில் நல்ல மழை. மழை விட்டதும் பையை எடுக்க அஞ்சலையம்மா வீட்டுக்கு வந்தேன்.

அருவிக்குத் தொப்பை போட்டிருந்தது.

இரண்டாவது பட்டையும் மூன்றாவது பட்டையும் சேரும் இடத்தில், என் மார்பு உயரத்தில், காகிதம் உப்பிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினேன். காற்று வரும் என்று நினைத்தேன். தண்ணீர் பீய்ச்சி என் கண்ணில் அடித்தது. மேல் ஓரமும் பிரிய ஆரம்பித்திருந்தது. பசை கஞ்சியாகி ஒழுகியது.

வீட்டின் பின்பக்கம் ஓடினேன். முதல் நாளே போய்ப் பார்த்திருக்க வேண்டிய இடத்துக்கு அப்போதுதான் போகிறேன். மலைச்சரிவின் மண் சரிந்து சரிந்து, சுவரின் பாதி உயரத்துக்கு ஏறி அணைத்துக்கொண்டு கிடந்தது. பெய்த மழை எல்லாம் அந்த மண்ணில் ஊறி, சுவர் வழியாக ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. உள்ளே நான் அதன் மேல் ரப்பர் மாதிரி ஒரு காகிதத்தை ஒட்டி, தண்ணீருக்குப் பை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி ஓடிவந்து மேல் ஓரத்தில் காலண்டர் ஆணி இரண்டை அடித்தேன். தொப்பையை இரண்டு கையாலும் அழுத்தினேன். அழுத்தினால் ஒட்டியது, எடுத்தால் பிரிந்தது. அஞ்சலையம்மா கேசரிக் கரண்டியோடு வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. வாய் திறப்பதற்குள் வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. திரும்பி நின்று, முதுகைத் தொப்பையின் மேல் கொடுத்து, இரண்டு கைகளையும் பின்னால் விரித்துச் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

முதலில் உள்ளே வந்தவர் கல்யாணத் தரகர், முதல் நாள் மாலையே வந்து அருவியைப் பார்த்துவிட்டுப் போனவர். பின்னால் பெண்ணின் அப்பா கோவிந்தன். எலவனாசூர்கோட்டைக்காரர். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பில் பாதியை அவர் ஒருவரே வெட்டியிருப்பார் போல, கை அவ்வளவு காய்த்திருந்தது. அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்காக அக்கா பச்சையம்மா வந்திருந்தார். கடைசியாக சேகர், புது வேட்டியில் தடுக்கிக்கொண்டு.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். தரகருக்குக் கிடைத்த நாற்காலி எனக்குப் பக்கத்தில், மூன்றாவது பட்டைக்கு நேர்க் கீழே.

"நீங்களும் ஒக்காருங்க" என்றார் பச்சையம்மா.

"இல்லீங்க, முட்டி வலி. ஒக்காந்தா எழுந்திருக்க முடியாது" என்றேன். அன்றைக்கு அது பொய். இன்றைக்கு அதே முட்டிதான் என்னைத் தொழிலிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறது. சொன்ன பொய் ஒன்று இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

"இவுரு யாரு?"

தரகர் ஆரம்பித்தார். "இவுருங்களா, இவுரு வால்பேப்பர்..."

"எங்க அண்ணங்க" என்றார் அஞ்சலையம்மா.

தரகர் மீதி வார்த்தையை விழுங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் தூக்கிவாரிப் போட்டாலும் சுவரை விட்டு நகர முடியாத நிலை.

"அண்ணனா? பேரு இன்னா?"

"காதர் பாய்."

"பாயா?" பச்சையம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"ஆமாங்க. எனக்குக் கூடப்பொறந்தவன்னு யாரும் இல்லீங்க. எம்மனசு தவிச்சிக்கினு இருந்தப்ப, கவலைய வுடு தங்கச்சி, அண்ணன் நான் பாத்துக்கறேன்னு சொன்னவரு இவுருதான். அன்னிலேர்ந்து எனக்கு அண்ணன். இவனுக்குத் தாய்மாமன்."

அன்றிலிருந்து என்றால் நேற்றிலிருந்து என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பச்சையம்மாவின் நெற்றி விரிந்தது. "எனக்குந்தான் எங்க ஊர்ல ஒரு பாய் அண்ணன் இருந்தாரு. நான் புள்ளத்தாச்சியா இருந்தப்ப மொத வளையல் அவுருதான் போட்டாரு" என்றார். அத்தோடு என் நியமனம் உறுதியாகிவிட்டது. நான் சுவரில் சாய்ந்தபடியே தலையை ஆட்டினேன்.

கேசரி வந்தது. எல்லோர் கையிலும் தட்டு. எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். வாங்கக் கை வேண்டுமே! "அப்புறம் சாப்புடறேன்" என்றேன். "மொதல்ல மாமன் சாப்புடட்டும், அப்பத்தான் நாங்க கை வெப்போம்" என்றார் பச்சையம்மா. முறை தெரிந்தவர்களோடு இதுதான் தொல்லை.

சேகர் புத்திசாலிப் பையன். எழுந்து வந்து, தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, "மாமா, ஆ காட்டுங்க" என்றான். காட்டினேன். ஊட்டினான். வாயைத் துடைத்தும் விட்டான்.

பச்சையம்மா அப்படியே உருகிப்போனார். "பாத்தியாடா கோவிந்தா? மாமனுக்கு ஊட்டிவுடுற புள்ள! இந்தக் காலத்துல எவன் செய்யறான்? நம்ம பொண்ண எப்பிடி வெச்சிக்குவான்னு இதுலியே தெரியல?"

சேகருக்கு வேர்த்தது. எனக்கும் முதுகெல்லாம் ஈரம், ஆனால் அது வேர்வை இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டொக்... டொக்... டொக். என் முழங்கைக்குக் கீழே காகிதத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கோவிந்தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அருவி நெஜமாட்டமே இருக்குது" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. கொஞ்சம் காதைச் சாய்த்துவிட்டு, "சத்தம் கூடக் கேக்குது" என்றார்.

"த்ரீ டிங்க" என்றேன்.

"இப்பல்லாம் சத்தத்தோடயே வருதுங்க" என்று தரகர் தன் பங்குக்கு ஒத்து ஊதினார். அதற்குள் ஒரு சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது. அதைத் துடைக்காமல், கடமை உணர்ச்சியோடு, அப்படியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரகர் தொழிலும் சாதாரணமானது இல்லை.

பச்சையம்மா சமையலறையைப் பார்க்க அஞ்சலையம்மாவோடு உள்ளே போனார். சேகர் வெற்றிலை வாங்குகிற சாக்கில் வாசலுக்குப் போனான். தரகர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். கோவிந்தன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் என் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தாய்மாமன்றதால கேக்கறேன்."

"கேளுங்க."

"எம்பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்து இளைப்பு இருக்குது. குளிருல ஈரத்துல இருந்தா மூச்சு இழுக்கும். ஊதிக்கிற மருந்து வெச்சிக்கினுதான் இருக்கும். இத இவங்ககிட்ட நாங்க சொல்லல. சொன்னா வேணான்னுடுவாங்கன்னு எங்கக்கா வேணான்னிச்சி. எனக்கு மனசு கேக்கல. பையன் நல்ல பையன், கண்ணுக்குத் தெரியுது. நான் வேற எதுவும் கேக்கல. இந்த வூட்ல ஓதம் இருக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பிக்குறேன்."

புதியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எந்த டப்பாவிலும் எழுதாத இடம் இதுதான்.

உண்மையைச் சொன்னால் அஞ்சலையின் மூன்றாவது சம்பந்தமும் போகும். அதுவும் என் வாயால். பொய் சொன்னால் முகம் தெரியாத ஒரு பெண் இந்தச் சுவருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, மூச்சுக்குத் திணறுவாள். அவள் அப்பா, தாய்மாமன் சொன்னாரே என்று நம்பிக்கொண்டு ஊரில் நிம்மதியாக இருப்பார். தண்ணீர் என் முதுகுத்தண்டில் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு பழக்கத்தில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. 'அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அண்ணன் நான்...' என்பதுவரை நுனிக்கு வந்துவிட்டது. பத்து வருடமாக எத்தனை வீட்டில் சொன்ன வார்த்தை. முதல்முறையாக ஒருவர் அதை அப்படியே நம்பி, தன் மகளைக் கொண்டுவந்து அதன் மேல் வைக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அட, ஒட்டிவிட்டதோ என்றுகூட ஒரு ஆசை வந்தது. பிறகு மேலே ஒரு காலண்டர் ஆணி தெறித்தது. இரண்டாவது ஆணியும் தெறித்தது. மூன்றாவது பட்டை சர்ரென்று கீழே இறங்கி தரகரை முழுதாக மூடியது. இரண்டாவது பட்டை துணைக்கு வந்து அவர் மடியில் சுருண்டது. அருவிக்குள்ளிருந்து, "யோவ் பாய்" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். பச்சையும் கறுப்புமாகச் சுவர் அம்மணமாக நின்றது. தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. நடுவில் ஒரு பூரான், அதன் வீட்டுக் கதவை யாரோ திறந்துவிட்ட மாதிரி, நிதானமாக மேலே ஏறிப் போனது. பச்சையம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஓதம் இருக்குதுங்க" என்றேன் கோவிந்தனிடம். "நேத்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒட்டினேன். நான் மாமனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வால்பேப்பர் ஒட்ட வந்தவன். தப்பு இவங்க மேல இல்ல, எம்மேல."

அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பச்சையம்மா காலை மெதுவாகக் கீழே இறக்கினார், குரலை மட்டும் மேலே ஏற்றினார்.

"மறைச்சி வெச்சிட்டுப் பொண்ணு கேக்கறீங்களா? செவுத்துக்குத் துணி கட்டி ஏமாத்துற கும்பலா நீங்க? வாடா கோவிந்தா, போலாம்."

கோவிந்தன் அசையவில்லை. சுவரைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். முதுகுப் பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மொத்த நேரமும் இத முதுகுலியா தாங்கிக்கினு இருந்தீங்க?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அக்காவிடம் திரும்பினார். "மறைச்சாங்கதான், அக்கா. நாம மட்டும் இன்னா செஞ்சோம்?"

கிளம்ப எழுந்த பச்சையம்மா மறுபடி உட்கார்ந்தார். கோவிந்தன் சேகரைப் பார்த்து, பெண்ணுக்கு இளைப்பு இருப்பதைச் சொன்னார். எதையும் சுருக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அடி வாங்கத் தயாராக இருப்பவர் மாதிரி நின்றார்.

சேகர் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இளைப்பு இருக்குதுன்னா வூட்டத்தானே மாத்தணும்? பொண்ண இன்னாத்துக்கு மாத்தணும்?"

நான் ஒட்டிய எந்தச் சுவரும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தரகர் காகிதத்தை விலக்கி வெளியே வந்து, "அப்ப பேசி முடிச்சிடலாங்களா?" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

கோவிந்தன் அவசரப்படவில்லை. நேராகப் பின்பக்கம் போய் மண்ணைப் பார்த்தார். எனக்கு இரண்டாவது நாள் தோன்றியது அவருக்கு வந்த அன்றைக்கே தோன்றிவிட்டது. திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார்.

"மழைக்காலம் முழுக்கப் போவட்டும். தை மாசத்துல வரேன். செவுரு காஞ்சிருந்தா பேசலாம். காயலன்னா இத்தோட வுட்டுடலாம், யாரும் மனசுல வெச்சிக்க வேணாம்." என் பக்கம் திரும்பினார். "பாய், அண்ணன் நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களாமே. பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். வேறு வழி? அந்த மழைக்காலத்தில் வாரம் தவறாமல் பஸ் ஏறினேன். ஒரு கொத்தனாரையும் தள்ளிக்கொண்டு போனேன். பின்பக்கத்து மண்ணை வெட்டி எடுத்தோம், தண்ணீர் போக வாய்க்கால் விட்டோம், பழைய பூச்சைக் கொத்தி எறிந்து புதிதாகப் பூசினோம். அதை விவரிக்கப் போவதில்லை, அது கொத்தனார்களின் புத்தகத்தில் வரட்டும். ஒவ்வொரு மழைக்கும் அஞ்சலை போன் செய்யும். "அண்ணே, இங்க பெய்யுது. செவுரு நல்லாதான் இருக்குது. நீ சாப்டியா?" எந்த வாரத்தில் 'சாப்டீங்களா' போய் 'சாப்டியா' வந்தது என்று எனக்கு நினைவில்லை.

தை பிறந்து கோவிந்தனும் பச்சையம்மாவும் வந்தார்கள். கோவிந்தன் உள்ளங்கையைச் சுவரில் வைக்கப் போனார். "கை வேணாங்க, காய்ச்ச கைக்குத் தெரியாது. கன்னத்த வெச்சிப் பாருங்க. எதிர்ச்செவுத்துலயும் வெச்சி, ரெண்டும் ஒண்ணா இருக்குதான்னு பாருங்க" என்றேன். மலைக்கு ஏற்ற மாதிரி வித்தையை நானும் திருத்தியிருந்தேன். எதிர்ச்சுவர் வெயில் படுகிற சுவர், அது காய்ந்து கிடப்பதை உறுதி செய்துகொண்டுதான் சொன்னேன். அவர் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதில் நம்பிக்கை இல்லாமல் பச்சையம்மாவும் வைத்தார். இவர்கள் என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க சேகரும் வைத்தான். அன்றைக்குக் கேசரி சாப்பிட்ட எல்லோர் கன்னத்திலும் வட்டமாகச் சுண்ணாம்பு இருந்தது.

இப்போது அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. வெறும் சுண்ணாம்பு. ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை. ஹாலிலேயே அதுதான் அழகான சுவர் என்று அஞ்சலை சொல்கிறது, எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போனாலும், ஒட்டப்போகும் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். உப்பு கையில் வந்தால் பேண்ட்டில் துடைக்காதீர்கள், வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அண்ணன் என்றோ தம்பி என்றோ சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். யாராவது நிஜமாகவே நம்பிவிடுவார்கள்.

கல்யாணம் எலவனாசூர்கோட்டையில் நடந்தது. நான் பந்தியில் உட்கார்ந்து, இலையில் முதல் ஜாங்கிரி விழுந்த நேரம் மைக்கில் கூப்பிட்டார்கள். "மாப்பிள்ளைக்குப் பட்டம் கட்ட, தாய்மாமன் உடனே மேடைக்கு வரவும்." யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஜாங்கிரியில் கை வைத்தேன். மைக்கை சேகரின் ஜீப் நண்பன் ஒருவன் பிடுங்கினான். "செவுத்து மாமா! செவுத்து மாமா எங்க இருந்தாலும் மேடைக்கு வா!"

கையைக் கழுவிவிட்டுத் தொப்பியோடு மேடை ஏறினேன். கீழே சிலர் முணுமுணுத்தார்கள். பச்சையம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், முணுமுணுப்பு நின்றது. சேகர் தலையைக் குனிந்தான். பக்கத்தில் மணப்பெண், முகமெல்லாம் சிரிப்பாக, சீராக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜிகினாப் பட்டத்தை அவன் நெற்றியில் வைத்து, பின்னால் நூலை முடியப் போனேன். எத்தனையோ ஆயிரம் அடி காகிதத்தை மடிப்பில்லாமல் ஒட்டிய கையிலிருந்து நூல் இரண்டு முறை நழுவியது.

பின்னாலிருந்து பச்சையம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பாய், இதயாச்சும் நல்லா கட்டுங்க. உழுந்துடப் போவுது."

விழவில்லை.